காத்திருந்தவரின் கடிதங்கள்



நாட்டுக்காக உழைத்தவர்கள் என்று நாம் பெயர் சொல்லி நினைவுகூரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். உழ வேண்டிய நிலமும் கட்ட வேண்டிய வரியும் இருந்தன. நோயும் சாவும் அங்கேயும் வந்தன. பொதுப்பணிக்கென்று அவர்கள் வெளியே போனபோது அந்த வீட்டை யார் நடத்தினார்கள் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் அவர்களின் வீட்டைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. அவருடைய மனைவி அபிகாயில் ஆடம்ஸ் நடத்தினார். நடத்தியதை அவ்வப்போது கணவருக்கு எழுதியும் வைத்தார். கணவனும் மனைவியும் எழுதிக்கொண்டவற்றில் 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அந்தக் கடிதங்களின் பின்னால் உள்ள வாழ்க்கையைச் சற்று நின்று பார்ப்போம்.

பள்ளிக்குச் செல்லாத சிறுமி

அபிகாயில் 1744-ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று, பாஸ்டனுக்குத் தெற்கே உள்ள வேமத் என்ற ஊரில் பிறந்தார். அப்போது மாசசூசெட்ஸ் இங்கிலாந்து அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்றப் பகுதி. தந்தை வில்லியம் ஸ்மித் அவ்வூரின் சபைப் போதகர். தாய் எலிசபெத், அப்பகுதியில் செல்வாக்குள்ள குவின்சி குடும்பத்தைச் சேர்ந்தவர். தாவீதின் கோபத்தைத் தன் விவேகமான பேச்சால் தணித்த விவிலியப் பெண்ணின் பெயர்தான் இந்தக் குழந்தைக்கும் இருந்தது. பின்னாளில் அந்தப் பெயருக்கு ஏற்ற நாவும் எழுத்தும் அவருக்கு வாய்த்தன.

அவர் ஒரு நாளும் பள்ளிக்குச் சென்றதில்லை. சிறுவயதில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டார் என்பது ஒரு காரணம். பெண் பிள்ளைக்கு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தைக்கவும் தெரிந்தால் போதும் என்று அக்காலத்தவர் எண்ணியது பெரிய காரணம். ஆனால் தந்தையின் நூலகம் அவருக்குத் திறந்திருந்தது. விவிலியம், ஷேக்ஸ்பியர், மில்டன், வரலாற்று நூல்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தார். முறையான கல்வி இல்லாத குறை மட்டும் கடைசிவரை அவரை உறுத்தியது. தம் எழுத்துப் பிழைகளை எண்ணி வெட்கப்பட்டு, தம் கடிதங்களை எரித்துவிடும்படி கணவரைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. நல்லவேளையாக, இந்த ஒரு காரியத்தில் கணவர் மனைவி சொல்லைக் கேட்கவில்லை!

பக்கத்து ஊரான பிரெயின்ட்ரீயில் வழக்கறிஞராக இருந்த ஜான் ஆடம்ஸ், விவசாயி ஒருவரின் மகன். ஹார்வர்டு கல்லூரியில் படித்தவர். அபிகாயிலைவிட ஒன்பது வயது மூத்தவர். 1764-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் பாஸ்டனுக்குச் சென்று அம்மை குத்திக்கொண்டு, பல வாரங்கள் தனிமையில் இருக்க நேர்ந்தது. அப்போது இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அவருடைய கடிதத்தோடு நோயும் வந்துவிடக் கூடாது என்று, அதைப் புகை காட்டிய பிறகே பிரித்தார்கள். இப்படிப் புகை மணத்தோடு தொடங்கிய கடிதப் பழக்கம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடிக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று அவர்கள் திருமணம் நடந்தது. மணமகளுக்குப் பத்தொன்பது வயது. பிரெயின்ட்ரீயில், ஜான் பிறந்த வீட்டுக்கு அடுத்திருந்த சிறு மரவீட்டில் குடியேறினார்கள்.

பிரிவின் தொடக்கம்

முதல் எட்டு ஆண்டுகளில் ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள்: நாபி என்று அழைக்கப்பட்ட மூத்த மகள், ஜான் குவின்சி, சூசன்னா, சார்லஸ், தாமஸ். இவர்களில் சூசன்னா பதின்மூன்று மாதக் குழந்தையாக 1770-இல் இறந்துபோனாள். வழக்குகளுக்காக ஊர் ஊராகக் குதிரையில் சுற்ற வேண்டிய தொழில் ஜானுடையது. ஆகவே அரசியலுக்கு வரும் முன்பே அவர் பாதி நாள் வீட்டில் இல்லாதவர்தான்.

1774 ஆகஸ்டில் பெரிய பிரிவு தொடங்கியது. இங்கிலாந்தின் வரிகளையும் சட்டங்களையும் எதிர்த்துக் குடியேற்றப் பகுதிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். மாசசூசெட்ஸிலிருந்து சென்றவர்களில் ஜானும் ஒருவர். வீடு, நிலம், நான்கு பிள்ளைகள், வேலையாட்கள், கடன் பாக்கிகள் அனைத்தும் இருபத்தொன்பது வயது அபிகாயிலின் கைக்கு வந்தன. ஒரு கடிதம் போய்ச்சேரவே ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். ஓர் ஆலோசனை கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள், விதைக்கும் பருவம் கடந்துவிடும். ஆகவே அவர் கேட்டுச் செய்வதை விட்டு, செய்துவிட்டுத் தெரிவிக்கப் பழகிக்கொண்டார்.

அக்கடிதங்களில் போர்ஷியா என்று கையெழுத்திட்டார். உரோமை நாட்டு அரசியல்வாதி புரூட்டஸ் என்பவரின் மனைவி பெயர் அது. நாட்டுக்காகக் கணவன் ஏற்ற ஆபத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்ட பெண்ணின் பெயரை அவர் விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

குண்டூசியும் பீரங்கியும்

1775 ஏப்ரலில் லெக்சிங்டன், கான்கார்டு ஆகிய ஊர்களில் முதல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பாஸ்டன் நகரம் இங்கிலாந்துப் படையின் கையில் இருந்தது; சுற்றிலும் குடியேற்ற மக்களின் படை. பிரெயின்ட்ரீ அங்கிருந்து பத்து மைல் தொலைவுதான். பாஸ்டனிலிருந்து தப்பி வந்தவர்கள் அபிகாயிலின் வீட்டில் தங்கினார்கள். அணிவகுத்துச் சென்ற வீரர்களும் அங்கே இளைப்பாறினார்கள். வீட்டிலிருந்த வெள்ளீயக் கரண்டிகளை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்ததை மூத்த மகன் முதுமையிலும் மறக்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் 17 அன்று பீரங்கி முழக்கம் கேட்டது. அபிகாயில், ஏழு வயது ஜான் குவின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டருகே உள்ள பென்ஸ் ஹில் என்ற குன்றின் மேல் ஏறினார். பங்கர் ஹில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தொலைவில் சார்லஸ்டவுன் நகரம் எரிவதைத் தாயும் மகனும் பார்த்தார்கள். அவர்கள் குடும்பத்து மருத்துவரும் நண்பருமான ஜோசப் வாரன் அன்று களத்தில் இறந்தார். முறிந்துபோன விரல் ஒன்றை வெட்டி எடுக்காமல் காப்பாற்றித் தந்த மருத்துவர் என்பதால், அந்தச் சிறுவனுக்கும் அது சொந்த இழப்பு.

போர்ச் செய்தி எழுதும் அதே காலத்தில், குண்டூசி வாங்கி அனுப்பும்படியும் அவர் கணவருக்கு எழுதினார். துறைமுகம் அடைபட்டதால் இங்கிலாந்துப் பொருள்கள் வரவில்லை. குண்டூசி இல்லாமல் தையல் இல்லை. தையல் இல்லாமல் வீட்டில் உடை இல்லை. பிலடெல்பியாவில் நாட்டின் எதிர்காலம் பேசப்பட்டது. பிரெயின்ட்ரீயில் பிள்ளையின் சட்டை தைக்கப்பட்டது. இரண்டும் ஒரே போரின் இரு பக்கங்கள்தான் என்பதை அவருடைய கடிதங்கள் காட்டின. பாஸ்டன் நிலவரத்தைக் கண்ணால் கண்டவராகவும் காதால் கேட்டவராகவும் அவர் எழுதியதைக் கணவர் மிகவும் மதித்தார்.

அந்த இலையுதிர்காலம் கொடுமையானது. படைமுகாம்களிலிருந்து சீதபேதி ஊர்களுக்குப் பரவியது. ஜானின் தம்பி எலிஹு இறந்தார். அபிகாயிலின் வீட்டில் வேலையாள் படுத்தார், அபிகாயில் படுத்தார், மூன்று வயது தாமஸ் படுத்தான். வீட்டில் இருந்த ஓர் இளம்பெண் இறந்தாள். நோயாளிகளைக் கவனிக்க வந்து போன தாய் எலிசபெத், அக்டோபர் முதல் நாளன்று கண்ணை மூடினார். கணவர் அங்கே இல்லை. ஆறுதல் சொல்ல அவருக்குத் தாள் மட்டுமே இருந்தது. ஆறுதல் பெற இவருக்கும் தாள் மட்டுமே இருந்தது.

சிரித்துக் கடந்த கோரிக்கை

1776 மார்ச் 17 அன்று இங்கிலாந்துப் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறியது. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 31 அன்று, அபிகாயில் எழுதிய கடிதமே இன்று அவர் பெயரை உலகறியச் செய்திருக்கிறது. விடுதலை அறிவிக்கப்படும் நாளை எதிர்பார்ப்பதாக எழுதிய அவர், அதன்பின் புதிய சட்டங்கள் இயற்றும்போது பெண்களையும் நினைவில் கொள்ளும்படி கேட்டார். கணவன்மார்களுக்கு வரம்பற்ற அதிகாரம் தர வேண்டாம் என்றும், முன்னோரைவிடப் பெண்களிடம் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும் என்றும் வேண்டினார்.

இது வெறும் பேச்சுக்காகச் சொன்னதன்று. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, திருமணமான பெண்ணுக்குத் தனி உடைமை கிடையாது. அவள் கொண்டுவந்த பொருளும் ஈட்டிய பணமும் கணவனுடையவை. அவள் பெயரில் ஒப்பந்தம் எழுத முடியாது. கணவன் அனுமதியின்றி உயில் எழுத முடியாது. கணவன் நல்லவனாக இருந்தால் வாழ்வு உண்டு. கொடியவனாக இருந்தால் தப்பிக்க வழி குறைவு. இரண்டு ஆண்டுகளாக ஒரு பண்ணையை நடத்திவந்த பெண்ணுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஜான் இதைப் படித்துச் சிரித்தார். பிள்ளைகள், பயிற்சி மாணவர்கள், அடிமைகள் எல்லாரும் கீழ்ப்படிய மறுப்பதாகக் கேள்விப்பட்டோம், இப்போது பெண்களுமா என்ற பொருளில் வேடிக்கையாகப் பதில் எழுதினார். அபிகாயில் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தாளரும் தோழியுமான மெர்சி ஓட்டிஸ் வாரனிடம் இதைப் பற்றி முறையிட்டு எழுதினார். கணவருக்கும், எல்லா நாடுகளுக்கும் விடுதலை பேசிக்கொண்டே மனைவியர் மேல் முழு அதிகாரம் செலுத்துவது தாராள மனம் அன்று என்று தெரிவித்தார். ஒருவரையொருவர் ஆழமாக நேசித்த தம்பதியர் இவர்கள். ஆயினும் அந்த அன்பு, மனைவியின் நியாயமான கோரிக்கையைக் கணவர் காதில் ஏறச் செய்யவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அதே கடிதத்தில், தமக்கு விடுதலை கேட்டுக்கொண்டே பிறரை அடிமையாக வைத்திருப்பவர்களின் விடுதலை ஆர்வத்தையும் அவர் சந்தேகித்தார். அவருடைய தந்தையின் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். அந்த அநியாயத்தை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அவர்.

மாடத்தின் கீழே ஒரு தாய்

ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. அந்த நாள்களில் அபிகாயில் என்ன செய்துகொண்டிருந்தார்? பெரியம்மை பரவியிருந்ததால், நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாஸ்டனில் தம் மாமா வீட்டில் தங்கி, எல்லாருக்கும் அம்மை குத்தும் ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தார். அக்காலத்தில் அம்மை குத்துவது என்றால், நோயாளியின் கொப்புளத்து நீரை எடுத்துக் கீறலில் வைப்பது. பெரும்பாலும் இலேசான நோய் வந்து நீங்கும். சிலர் இறந்தும் போவார்கள். இந்த முடிவைத் தாய் தனியாகவே எடுக்க வேண்டியிருந்தது.

ஜூலை 18 அன்று பாஸ்டன் அரசு மாளிகையின் மாடத்திலிருந்து பிரகடனம் வாசிக்கப்பட்டபோது, கூட்டத்தில் அவரும் நின்று கேட்டார். அதை உருவாக்கப் பாடுபட்டவர் அவருடைய கணவர். வாசிப்பு முடிந்ததும், அவர் திரும்பிப் போனது பிள்ளைகளின் படுக்கைகளுக்கு. நாபிக்கு உடலெங்கும் கொப்புளம். சார்லஸுக்குக் குத்திய அம்மை பிடிக்காமல், பின்னர் கடுமையான நோயே வந்து, காய்ச்சலில் பிதற்றினான். எல்லாரும் பிழைத்து வீடு திரும்பக் கோடைகாலம் முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1777-இல், அவர் மீண்டும் கருவுற்றிருந்தபோது ஜான் மறுபடியும் பிலடெல்பியா சென்றார். ஜூலை தொடக்கத்தில் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அபிகாயிலின் உள்ளம் சொன்னது. அந்த அச்சத்தை எழுதினார். பிரசவ வலி தொடங்கிய இரவிலும் வலிக்கு இடையே எழுதினார். ஜூலை 11 அன்று பெண் குழந்தை இறந்தே பிறந்தது. எலிசபெத் என்று பெயரிட்டார்கள். இறந்துபோன பாட்டியின் பெயர். அன்றுதான் ஜான் குவின்சியின் பத்தாவது பிறந்தநாள்.

கடல் விழுங்கிய கடிதங்கள்

1777 இறுதியில் ஜான் வீடு திரும்பினார். இனி வழக்கறிஞர் தொழிலைக் கவனிப்பது என்று முடிவாயிற்று. அவர் ஒரு வழக்குக்காக வெளியூர் சென்றிருந்த நேரத்தில், காங்கிரசிடமிருந்து வந்த உறையை அபிகாயில் பிரித்தார். ஜான் பிரான்சு நாட்டுக்குத் தூதராகச் செல்ல வேண்டும் என்றிருந்தது. நிலைகுலைந்துபோன அவர், தம்மிடமிருந்து மகிழ்ச்சியைப் பறிக்கத் திட்டமிட்டீர்களோ என்று காங்கிரசு உறுப்பினர் ஒருவரைக் கேட்டே எழுதிவிட்டார். ஆனாலும் கணவரைத் தடுக்கவில்லை.

1778 பிப்ரவரியில் ஜான் பத்து வயது மகனோடு கப்பலேறினார். குளிர்காலக் கடல், எங்கும் எதிரிக் கப்பல்கள். பிடிபட்டால் ஜானுக்குத் தூக்குத் தண்டனையும் கிடைக்கக்கூடும். பல மாதங்கள் எந்தச் செய்தியும் இல்லை. கப்பல் பிடிபட்டது என்ற வதந்திதான் வந்தது. பிலடெல்பியாவுக்கு வாரங்களில் போன கடிதம், பிரான்சுக்குப் போக மாதங்கள் ஆயின. பல கடிதங்கள் எதிரி கையில் சிக்கின. எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று பல கடலில் எறியப்பட்டன.

தம் கடிதம் எதிரியின் செய்தித்தாளில் அச்சாகிவிடுமோ என்று அஞ்சிய ஜான், சுருக்கமாகவும் வறட்சியாகவும் எழுதினார். மனைவியின் மனம் நொந்தது. இத்தனை காலம் காத்திருந்து கிடைத்தது இந்த நான்கு வரிதானா என்று முறையிட்டார். இப்படியே குறைசொல்லி எழுதினால் எழுதுவதையே நிறுத்திவிடுவேன் என்று கணவர் சீறினார். ஒருவர் கோபம் மற்றவரை அடையும்போது அந்தக் கோபத்தின் காரணமே பழையதாகியிருக்கும். நேரில் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்திருக்கக்கூடிய மனத்தாங்கல், கடலைக் கடந்து கடந்து மாதக்கணக்கில் வளர்ந்தது.

1779 ஆகஸ்டில் ஜான் திரும்பினார். மூன்று மாதம் மட்டுமே வீட்டில் இருந்தார். அதற்குள் மாசசூசெட்ஸ் அரசியல் சட்டத்தின் வரைவையும் எழுதினார். நவம்பரில் மீண்டும் ஐரோப்பாவுக்குப் பயணம். இம்முறை ஜான் குவின்சியுடன் ஒன்பது வயது சார்லஸும் சென்றான். மறுபடி கடல் கடக்க மூத்தவன் தயங்கினான். போகச் சொல்லித் தேற்றியவர் தாயே. வீட்டை நினைத்து ஏங்கிய சார்லஸ் பின்னர் திருப்பி அனுப்பப்பட்டான். கணவனும் மனைவியும் மறுபடி முகம் பார்க்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின.

குடும்பம் காத்த வணிகம்

தூதராக இருந்தவரின் வருமானம் போதவில்லை. காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. வயலில் வேலைசெய்ய ஆள் கிடைக்கவில்லை. வரி ஏறிக்கொண்டே போனது. அபிகாயில் நிலத்தின் பெரும்பகுதியைக் குத்தகைக்கு விட்டார். பிறகு ஒரு புதிய வழியைக் கண்டார். கைக்குட்டை, துணி, நாடா, தேயிலை, குண்டூசி போன்ற இலேசான பொருள்களை ஐரோப்பாவிலிருந்து அனுப்பும்படி கணவருக்குப் பட்டியல் எழுதினார். போரினால் பொருள் தட்டுப்பாடு நிலவிய ஊரில், உறவினர், நண்பர்கள் வழியாக அவற்றை விற்றார். கப்பல்கள் பிடிபடுவதால் நட்டமும் வரும். மூன்றில் ஒன்று வந்து சேர்ந்தாலும் இலாபமே என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

வந்த பணத்தை அவர் சும்மா வைக்கவில்லை. ஜானுக்கு நிலத்தின் மேல்தான் ஆசை. அபிகாயிலோ, மதிப்புக் குறைந்து கிடந்த அரசுக் கடன்பத்திரங்களை வாங்கினார். பின்னாளில் அவை நல்ல பலன் தந்தன. என்றாவது கணவர் அரசியலை விட்டு ஓய்ந்து வாழ உதவும் என்று வெர்மான்ட் பகுதியில் காட்டு நிலமும் வாங்கினார். அதில் இனித் தலையிட வேண்டாம் என்று கணவர் எழுதிவிட்டார். தாம் ஈட்டியதில் ஒரு பகுதியைத் தம்முடைய பணம் என்றே தனியாக எண்ணி வைத்தார். சட்டம் அப்படி ஒன்று இல்லை என்றது. அவர் வீட்டுக் கணக்கில் அது இருந்தது.

மறுபடி ஒரு கூரையின் கீழ்

1783-இல் தந்தை இறந்தார். அடிமையாக இருந்த ஃபீபி என்ற பெண்ணுக்கு அவருடைய உயில் விடுதலை வழங்கியது. மறு ஆண்டு அபிகாயில் பெரிய முடிவெடுத்தார். இளைய மகன்கள் இருவரையும் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, மகள் நாபியுடன் 1784 ஜூனில் கப்பலேறினார். அதுவரை கடலில் பயணம் செய்திராதவர். கடல்நோயிலிருந்து எழுந்ததும், அழுக்கேறிய கப்பலைக் கழுவச் செய்து, சமையற்காரருக்கும் சமையல் கற்றுக்கொடுத்தார்! ஆகஸ்ட் 7 அன்று இலண்டனில் கணவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி விரிவாக எழுத அவரால் முடியவில்லை. எழுதிப் பழகிய கை அந்த ஒரு காட்சியில் மௌனமாகிவிட்டது.

பாரிசுக்கு அருகிலும், பின்னர் இங்கிலாந்து அரசவையில் முதல் அமெரிக்கத் தூதராக ஜான் பணியாற்றியபோது இலண்டனிலும் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1788-இல் நாடு திரும்பினார்கள். 1789 முதல் எட்டு ஆண்டுகள் ஜான் துணைக் குடியரசுத் தலைவர். உடல்நலக் குறைவால் அபிகாயில் பின்பாதி ஆண்டுகளைப் பெரும்பாலும் குவின்சி வீட்டிலேயே கழித்தார். மீண்டும் கடிதங்கள் தொடர்ந்தன.

1797-இல் ஜான் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற நாளிலும் மனைவி அருகில் இல்லை. மரணப்படுக்கையில் கிடந்த மாமியாரைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில், தம் வீட்டில் வேலைசெய்த ஜேம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவனை மாலைப் பள்ளியில் சேர்த்தார். அவன் வந்தால் மற்றப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் சார்பில் ஒருவர் வந்து சொன்னார். அபிகாயில் விடவில்லை. கோவிலில் சேர்ந்து அமர்கிறவர்கள் பள்ளியில் ஏன் அமரக் கூடாது, முகம் கறுப்பு என்பதற்காகக் கல்வியை மறுப்பது எந்த நியாயம் என்று வாதாடினார். ஜேம்ஸ் பள்ளிக்குச் சென்றான். பள்ளிக்குப் போக முடியாத சிறுமியாக வளர்ந்தவர் செய்த காரியம் இது.

அவரிடம் குறைகளும் இருந்தன. பத்திரிகைகள் கணவரைத் தாக்கியபோது பொறுக்க முடியாமல், அரசை விமர்சிப்போரைத் தண்டிக்க வழிசெய்த 1798-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். விடுதலைக்காக எழுதிய கை, கணவர் என்று வந்தபோது பிறர் வாயை அடைக்கும் சட்டத்துக்குத் துணைநின்றது.

கொடுத்த விலை

1800 நவம்பரில் வாஷிங்டனில், கட்டி முடியாத குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அபிகாயில் வந்து சேர்ந்தார். துணி உலர்த்த வேறு இடம் இல்லாததால், இன்று பெரும் விருந்துகள் நடக்கும் கிழக்குக் கூடத்தில் கொடி கட்டித் துணி காயப் போட்டதை வரலாறு சிரிப்போடு சொல்லும். ஆனால் அவர் அங்கே வந்த வழியில் நியூயார்க்கில் இறங்கியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அங்கே மகன் சார்லஸ் குடிப்பழக்கத்தால் சீரழிந்து, மரணத் தறுவாயில் கிடந்தார். தந்தை முந்தைய ஆண்டே அவரைக் கைவிட்டிருந்தார். தாய் பார்த்துவிட்டு வந்தார். அம்மாத இறுதியில், முப்பது வயதில், சார்லஸ் இறந்தார். ஒன்பது வயதில் கடல்கடந்து சென்று, வீட்டை நினைத்து ஏங்கித் திரும்பி வந்த அதே சார்லஸ்.

தந்தையின் நீண்ட பிரிவுதான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஜான் குவின்சி அதே சூழலில் வளர்ந்தவர். 1825-இல் நாட்டின் ஆறாவது குடியரசுத் தலைவரானார். ஆனால் பொதுவாழ்வுக்காக அந்தக் குடும்பம் கொடுத்த விலையைக் கணக்கிடும்போது, ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கத்தை விட்டுவிட முடியாது.

கடிதங்கள் நின்றன

தேர்தலில் தோற்ற ஜான், 1801 மார்ச்சில் குவின்சி வீட்டுக்குத் திரும்பினார். அந்த ஆண்டோடு அவர்களுக்கிடையே கடிதங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. காரணம் எளியது. இனிக் கடிதம் தேவைப்படவில்லை. மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அமர்ந்து பேச முடிந்தது. அடுத்த பதினேழு ஆண்டுகள் அவர்கள் ஒன்றாக வாழ்ந்தார்கள். ஆராய்ச்சியாளருக்கு அது எழுத்தற்ற காலம். அவர்களுக்கோ அதுதான் கேட்டுக் காத்திருந்த காலம்.

துயரம் அப்போதும் வந்தது. மகள் நாபிக்கு மார்பில் புற்றுநோய் கண்டு, 1811-இல் குவின்சி வீட்டிலேயே, மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், அறுவை செய்யப்பட்டது. 1813-இல் பெற்றோர் வீட்டுக்கு வந்து உயிர்விட்டார். ஆறு பிள்ளைகளில் நால்வரைத் தாய் பறிகொடுத்தார்.

1816 ஜனவரியில் அபிகாயில் ஒரு காரியம் செய்தார். தமக்கு எழுத உரிமையில்லாத உயிலை எழுதினார். தம்முடையது என்று எண்ணி வைத்திருந்த பணத்தையும் நகைகளையும் உடைகளையும் பெரும்பாலும் பெண்களுக்கே, அதாவது பேத்திகள், உடன்பிறந்தோரின் மகள்கள், மருமக்கள், வேலைசெய்த பெண்கள் ஆகியோருக்கே பகிர்ந்தளித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் புதிய சட்டத்தில் கேட்டுக் கிடைக்காததை, தம் சொந்த வீட்டுக்குள் அவர் நிறைவேற்றிக்கொண்டார். அவர் இறந்தபின் ஜான் அந்த உயிலைச் செல்லாது என்று சொல்லவில்லை. அதன்படியே நடக்கச் செய்தார். அன்று சிரித்துக் கடந்த கணவர், காலம் கடந்தேனும் அளித்த பதிலாக இதைக் கொள்ளலாம்.

1818 அக்டோபர் 28 அன்று, நச்சுக்காய்ச்சலால், எழுபத்து மூன்றாம் வயதில் அபிகாயில் இறந்தார். மூன்று நாள்களுக்கு முன்புதான் அவர்களின் திருமணம் ஐம்பத்து நான்கு ஆண்டுகளை நிறைவுசெய்திருந்தது. ஜான் 1826 ஜூலை 4 வரை வாழ்ந்தார். குவின்சியில் உள்ள ஆலயத்தில் இருவரும் அருகருகே துயில்கிறார்கள். எரித்துவிடும்படி கேட்ட கடிதங்களில் ஒரு தொகுதியை, 1840-இல் பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் நூலாக வெளியிட்டார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமையை அரசியல் சட்டம் உறுதிசெய்தது 1920-இல்தான்.

நம் சிந்தனைக்கு

அன்பார்ந்தவர்களே, ஒரு குடியரசுத் தலைவரின் மனைவி, இன்னொரு குடியரசுத் தலைவரின் தாய் என்று அபிகாயிலைப் புகழ்வது வழக்கம். அந்தப் பெருமைகள் எல்லாம் அவர் கணவரிடமிருந்தும் மகனிடமிருந்தும் வந்தவை. அவருடைய சொந்தப் பெருமை, எரியும் நகரைப் பார்த்த கண்ணோடும், பிள்ளையின் காய்ச்சலைத் தொட்ட கையோடும், இரவில் மெழுகுதிரியின் அருகே அமர்ந்து உண்மையை எழுதியதில் இருக்கிறது. காத்திருந்தார், ஆனால் கைகட்டிக் காத்திருக்கவில்லை. அன்பு செய்தார், ஆனால் நியாயத்தைக் கேட்கத் தயங்கவில்லை.

நம் நன்மைக்காக வெளியே உழைப்பவர்களை நாம் பாராட்டுகிறோம். அவர்கள் வெளியே நிற்க முடிவதற்காக உள்ளே ஒருவர் சுமையைத் தாங்குகிறார். அவர் சொல்வதை முழுவதும் கேட்கிறோமா? அல்லது ஜான் ஆடம்ஸைப் போல, அன்போடுதான் என்றாலும், சிரித்துக் கடந்து போகிறோமா? பதில் சொல்ல அவருக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.